பொட்டு தெரியாத படம்

அம்மாவின் கருமாதிக்கு மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. நல்ல படம் என்று இருந்தது ஒன்றுதான், என் கல்யாணத்தன்று எடுத்தது. அதில் அம்மா நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அப்பா இறந்த பிறகு அவர் திருநீறு தவிர வேறெதுவும் வைத்ததில்லை. அன்று காலை நான்தான் கெஞ்சி, என் கையாலேயே வைத்துவிட்டேன். அப்பாவின் அக்கா, என் அத்தை, அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணம் முடியும்வரை அம்மாவிடம் பேசவில்லை.

"படத்தக் கறுப்பு வெள்ளையா மாத்திடு லா," என்றார் அண்ணன் தொலைபேசியில். கரங்கானில் அவர் வீட்டில்தான் சடங்கு. "கலர் போச்சுன்னா பொட்டும் தெரியாது. அத்த வாயத் தொறக்க முடியாது."

லூனாசில் என் வீட்டில், தூங்கிய குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் நிறத்தை நீக்கினேன். புடவை சாம்பலானது. பூமாலை சாம்பலானது. பொட்டு மட்டும் முன்பைவிட அழுத்தமாக, கறுப்பாக நின்றது. அனுப்பியதும் அண்ணனிடமிருந்து அழைப்பு. பின்னால் அத்தையின் குரல்.

"இன்னும் இருக்கே. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலயா? தாலியறுத்தவ நெத்தியில அது எதுக்கு? நாலு பேரு வந்து பாக்குற எடம்."

"அம்மாவுக்கு அது பிடிச்சிருந்துச்சு அண்ணே," என்றேன்.

உண்மையில் பிடித்திருந்ததா? அன்று அவர் கண்ணாடியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்காகப் பொறுத்துக்கொண்டாரோ என்னவோ.

"செத்தவங்களுக்காகச் சண்ட வேணாம் பாப்பா," என்றார் அண்ணன். "நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு இவங்கதான் வரணும்."

மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு உண்டு. சிவப்பின் கோட்டில் உள்ள புள்ளியை வலப்பக்கம் நகர்த்தினால், அசல் படத்தில் சிவப்பாக இருந்ததெல்லாம் வெளுக்கும். நகர்த்தினேன். பொட்டு மங்கி நெற்றியோடு நெற்றியாகக் கலந்துவிட்டது. கூடவே அம்மாவின் முகமும் வெளுத்தது. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக் கறுத்த தோலிலும் சிவப்பு இருந்திருக்கிறது. முகத்தை மட்டும் பழையபடி ஆக்க முயன்றேன். குழந்தை விழித்து அழுதது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

சடங்கன்று வந்தவர்கள் படத்தின் முன் நின்று பார்த்தார்கள்.

"உங்கம்மாவா இது? நல்லா வெள்ளையா இருக்காங்க," என்றார் பக்கத்து வீட்டுக்கார அக்கா.

"உசுரோட இருந்தப்ப வராத வெளுப்பு, செத்துத்தான் வந்திருக்கு," என்றார் அத்தை. நாலைந்து பேர் சிரித்தார்கள், அண்ணனும்தான். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பொட்டு போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் போக்கச் சொன்னவர்களும் பேசவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் செய்யிற. எனக்கும் ஒன்னு இப்பவே எடுத்து வை. மாமா இருக்காரு, நான் பூவும் பொட்டுமாப் போவணும். என் படம் கலர்லயே இருக்கட்டும். பொட்டு நல்லாத் தெரியணும், என்னா?"

"சரி அத்த."

அவர் குங்குமத்தைத் திருத்திக்கொண்டு, அம்மாவின் படம் பின்னால் விழாதபடி தள்ளி நின்றார். நான் கைபேசியை உயர்த்தினேன்.

"நெத்தியில வெளிச்சம் விழுதா பாரு," என்றார்.

விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.