தேசிக்காய்ப் புளியும் கண்ணாடித் தோலும்

மூத்த மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என்ர பேரைப் போடாதீங்கோ அப்பா. மற்றது ஓகே" என்றாள். ஆகையால் யாருடைய பெயரும் இதில் இல்லை. பிள்ளைகள் வாசித்து விளங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நோபல் பார்க் என்ற ஊரில். அந்த மகள் பெரியபிள்ளையானது இங்கே ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலத்தில். வீட்டில் தண்ணீர் வார்த்தோம். ஆனால் ஆட்களைக் கூப்பிட்டுச் செய்யும் சாமத்திய வீட்டை, அந்தப் பூப்பு விழாவை, இங்கே நினைத்தவுடன் செய்ய முடியாது. ஹோல் என்கிற மண்டபம் கிடைக்க வேண்டும், வீடியோக்காரர் கிடைக்க வேண்டும், கனடாவில் இருக்கும் மாமிமாருக்கு லீவு கிடைக்க வேண்டும். எல்லாம் பொருந்தி வந்தது ஜனவரியில், இங்கே அது நல்ல கோடைகாலம். நடந்தவை எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான்.

மகள் பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாடுகிறவள். வெயிலில் நின்று நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. என் மனைவியின் அக்கா, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, சேலை எடுக்க வந்தவர் ஒரு சேலைத் தலைப்பை மகளின் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கலர் இவளுக்கு எடுக்காது. பிள்ளை அடிப்பிடிச்ச சட்டி மாதிரி வந்திட்டாள். ஹோலுக்கு முன்னம் கொஞ்சம் வெளுக்கப் பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சேலையை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அடுத்த கிழமை கால் நோகிறது என்று நெட்போலை விட்டாள். குளியலறைத் தட்டில் சின்னச் சின்னப் போத்தல்கள் வரத் தொடங்கின. எல்லாம் கொரிய நாட்டுச் சாமான்கள். அவளுடைய போனில் கொரியப் பெண்பிள்ளைகள் முகம் கழுவிக் காட்டுவார்கள். முகம் ஈரக் கண்ணாடி போல மினுங்கும். அதற்குப் பெயரே கண்ணாடித் தோல்தானாம். முதலில் எண்ணெய் பூசிக் கழுவ வேண்டும், பிறகு நுரை, பிறகு தண்ணீர் மாதிரி ஒன்று, பிறகு துளித் துளியாக விடுவது, பிறகு கிரீம், கடைசியாக வெயிலுக்குப் பூசுவது.

"என்ன பிள்ளை, பிள்ளையாருக்கு அபிஷேகம் போல கிடக்கு" என்றேன்.

"இட்ஸ் எ ரூட்டீன், அப்பா. கதவைச் சாத்துங்கோ."

கொஞ்ச நாளில் வாயைச் சுற்றிச் சிவந்தது. கன்னம் வெங்காயச் சருகு போல உரிந்தது. பெரியம்மா கிட்ட வந்து பார்த்தார். "உரிஞ்சால் நல்லதெல்லோ. பழைய தோல் போய் உள்ளுக்கிருந்து வெள்ளை வருது." மகள் அதை நம்பினாள். இன்னும் கூடப் பூசினாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து ஊரான டண்டினோங்கில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் எனக்கு வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் கொரியாவில் இருந்து வந்த ஒரு பெண், என் வயது இருக்கும். போத்தல்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுபோய், இடைவேளையில் அவர் முன்னால் வைத்தேன். எழுத்தெல்லாம் அவருடைய மொழியில்தானே.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு போத்தல் தோலை உரிக்கிறது, ஒன்று சுருக்கம் விழுந்த பெண்களுக்கு என்றார். "இது எனக்கு. உன்ர மகளுக்கு எத்தினை வயசு?" சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "எல்லாத்தையும் விடச் சொல்லு. வெறும் தண்ணி, சாதாரண கிரீம். வெயில் படக்கூடாது."

அன்று தேத்தண்ணி ஆறும்வரை அவர் கதைத்தார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை. எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். அவர்கள் நாட்டிலும் பழைய காலத்தில் வெள்ளை முகம் என்றால் வயலில் இறங்கத் தேவையில்லாத வீட்டுப் பெண் என்று அர்த்தமாம். பயற்றை அரைத்து முகம் கழுவுவார்களாம், அரிசி கழுவிய தண்ணீரும் பாவிப்பார்களாம். "பயறோ? நாங்களும் அதுதான்" என்றேன். பிறகு கம்பனிகள் வந்தன, டிவி வந்தது. அவர் வேலை தேடிய காலத்தில் விண்ணப்பத்தோடு படமும் ஒட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடம் முடிய, தாய் அவருக்குப் பரிசாக, கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இமையை வெட்டித் தைப்பித்தாராம். வகுப்பில் வேறு பிள்ளைகளும் செய்தார்களாம்.

"நொந்ததோ?"

"நொந்தது. எல்லாரும் வடிவெண்டு சொன்னவை. இப்ப பார், உன்னோட நிண்டு கரட் அடுக்கிறன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி பயந்து போத்தல்கள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். வெயிலுக்குப் பூசும் கிரீமும் அதோடு போய்விட்டது. அது மட்டும் நல்ல சாமான் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பூங்காவில் படம் எடுக்க ஒழுங்கு. ஹோல் வாசலில் பெரிதாக வைப்பதற்கு. காலையில் பெரியம்மா வந்தார். உரிவது நல்லது என்று சொன்னவரும் அவர்தான். "நான் அப்பவே நினைச்சனான், உது கெமிக்கல் எண்டு. எங்கட சாமான் இருக்கேக்க ஏன் உதுகள்?" பயற்றை அரைத்த பயத்தம் மா, தயிர், மஞ்சள் எல்லாம் குழைத்து, அதற்குள் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, பிழிந்து மகளின் முகத்தில் அப்பினார்.

"எரியுது பெரியம்மா."

"எரிஞ்சால்தான் பிடிக்குது. பொறு பிள்ளை."

கழுவிவிட்டுப் பூங்காவுக்குப் போனோம். அனல் காற்று. வெயில் படக்கூடாது என்று வேலையிடத்தில் கேட்டது எனக்கு அப்போது நினைவில் வரவில்லை. படக்காரத் தம்பி, "முகத்தை மேல தூக்குங்கோ தங்கச்சி, வெளிச்சம் வடிவா விழுது" என்று வெயிலைப் பார்க்க நிறுத்தி நிறுத்தி எடுத்தார். பின்னேரம் கன்னம் கொதித்தது. அதற்குப் பிறகு கொப்புளம் போட்டது.

டொக்டர் எங்களை ஏசவில்லை. தேசிப்புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் நெருப்புச் சுட்டது போலத்தான், அதிலும் ஏற்கெனவே உரிந்த தோல் என்றார். எங்கள் நிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்பு நிற்குமாம். போகலாம், போக நாள் எடுக்கலாம், முழுக்கப் போகும் என்று வாக்குத் தர முடியாது என்றார். மகள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

ஹோல் திகதியை மாற்ற முடியவில்லை. காய்ந்த புண்ணுக்கு மேல் மேக்கப் போட்டு மூடினார்கள். பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்தபோது பால் வழிந்து கன்னத்தில் இறங்கியது. மகள் வீடியோவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். "வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறாள்" என்று ஒரு மாமி சொன்னதும் என் காதில் விழுந்தது.

பிள்ளைகளே, உங்கள் நிறத்தைப் பற்றிப் பெரியவர்கள் பகிடி விட்டால் நீங்கள் சிரிக்கத் தேவையில்லை. வீட்டில் வந்து சொல்லுங்கள். போத்தலைத் தேடுவதற்கு முன்னம் சொல்லுங்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று மகள் மாஸ்க் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். மாஸ்கின் மேல் விளிம்பையும் தாண்டிக் கறுப்பு தெரிந்தது. வாசலுக்கு எதிரே நிறுத்தினேன். இறங்கவில்லை.

"மணி அடிச்சிட்டுது, பிள்ளை."

"இன்னும் ஆக்கள் நிக்கினம், அப்பா."

கடைசிப் பிள்ளையும் உள்ளே போன பிறகு இறங்கி, மதில் ஓரமாகத் தலையைக் குனிந்து நடந்தாள். இப்போது ஒவ்வொரு நாளும் இப்படித்தான். நான் வேலையைப் பின்னேர ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளை பிந்தி வருகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து போனுக்குச் செய்தி வரும். நான் அதற்குப் பதில் போடுவதில்லை. பள்ளிக்கூட முற்றம் வெறுமையாகும்வரை நாங்கள் இருவரும் காருக்குள் இருப்போம்.