வெயிலில் வைத்தது யார்

எங்கள் வீட்டில் யாரும் யாருடைய பொருளையும் கேட்டு எடுத்ததில்லை. என் பேனா அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். என் துண்டு அம்மாவின் ஈரத் தலையில் இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எனக்குப் பத்து வயதானபோது என் செம்பருத்திக் கொம்புகளைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வலியசாலையில் எங்கள் எதிர்வீட்டு மாமி வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போனாள். வாங்கியவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று முதல் வேலையாக வாசலில் நின்ற செம்பருத்தியை வெட்டினார்கள். சந்தன நிறத்தில் அடுக்கடுக்காகப் பூக்கும் செடி அது. தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. வெட்டிப்போட்ட குவியலிலிருந்து பென்சில் பருமனில் பதினோரு கொம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா அப்போது காலேஜில் பாட்டனி கடைசி வருஷம். கொம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, நுனியில் இரண்டே இலைகளை விட்டு, தனித்தனித் தொட்டிகளில் மணலில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக் கட்டியது அவள்தான். எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். மூன்று தொட்டிகளை உள் அறையில் வைத்துப் பார்த்தேன். பத்து நாளில் இலை மஞ்சளாகி, கொம்பின் அடி அழுகிப்போயிற்று.

"இருட்டுல அது எப்படிடீ பிழைக்கும்? வெளிச்சம் வேணும், வெயில்தான் படப்படாது. இன்னும் வேர் இல்லையோல்லியோ, தண்ணி எடுக்க வழியில்லாம வாடிடும். கவர் வேற போட்டிருக்கு, உள்ளேயே வெந்துபோயிடும்" என்றாள் அக்கா.

மீதி எட்டையும் கூடத்தில் தெருவைப் பார்த்த வடக்கு ஜன்னலில் வைத்தோம். அங்கே கையை நீட்டினால் சுவரில் நிழல் மங்கலாக விழும். கைக்குச் சூடு தெரியாது. அவ்வளவு வெளிச்சம் போதும் என்றாள். மூன்றாவது வாரம் ஒரு கொம்பின் கணுவில் அரிசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி மாளவில்லை எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் பாட்டு வகுப்பு முடிந்து பதினோரு மணிக்குத் திரும்பியபோது கூடம் நிறைய மனிதர்கள். ஜன்னலில் என் தொட்டிகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு ஜாடியும் அதில் பிளாஸ்டிக் ரோஜாக்களும். உயிரோடு இருப்பதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை வைத்திருக்கிறார்கள்!

மொட்டை மாடிக்கு ஓடினேன். எட்டுத் தொட்டிகளும் வெட்டவெயிலில் வரிசையாக நின்றன. கவருக்குள் ஆவி படிந்திருந்தது. இலைகள் வேகவைத்த கீரையைப்போலத் துவண்டு கொம்போடு ஒட்டிக் கிடந்தன. அந்தப் பச்சை முனை கறுத்திருந்தது. ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றேன்.

"யாரு இதை வெயில்ல வச்சது?"

"உள்ள போ, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் அம்மா, சிரித்த முகம் மாறாமல்.

"அப்புறம் என்ன பேசறது? எல்லாம் செத்துப்போச்சு பின்னே."

மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். "செடிதானே குழந்தே, வேற வாங்கிக்கலாம் கேட்டியா" என்றாள். செடிதானே என்றதும் எனக்கு மிச்சமிருந்த நிதானமும் போயிற்று.

"நீங்க வந்ததாலதான் எடுத்தா மாமி. அக்காவுக்கு நீங்க வரதே பிடிக்கலை. நேத்திக்குப் பூரா அழுதா. அவளுக்கு மேல படிக்கணுமாக்கும்."

மாப்பிள்ளை கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

அவர்கள் காபி குடிக்காமல் போனார்கள். நான்கு நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அம்மா என் முதுகில் வைத்தாள் இரண்டு. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. செடியைக் கொன்றவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாடியை மட்டும்தான் வைத்தேன், தொட்டியை நான் தொடவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. அக்கா மட்டும் அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டு, மீந்த பஜ்ஜியெல்லாம் எனக்கே கொடுத்தாள். அவளுக்காவது என்மேல் பரிதாபம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வெறுத்துப்போன அப்பா அடுத்த வருஷம் அவளை எம்.எஸ்ஸி. சேர்த்துவிட்டார்.

இப்போது அக்கா ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். போன மாதம், நான் இப்போது குடியிருக்கும் கழக்கூட்டத்தில் என் ஃப்ளாட் பால்கனியில் நந்தியாவட்டைக் கொம்பு ஊன்றப்போவதாகப் போனில் சொன்னேன்.

"வேர் பிடிக்கற வரைக்கும் வெயில் காட்டாதே" என்றாள்.

"தெரியும். அம்மா பண்ணின அநியாயத்தை மறப்பேனா நான்?"

"அம்மா இல்லடி. நான்தான் வச்சேன். கார்த்தால நீ கிளம்பின உடனே" என்றாள்.

இத்தனை வருஷமாக அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வெந்துபோகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதுன்னும் தெரியும். எனக்கு அப்பா முன்னாடி வாயே வராது. வேற என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கத்தியிருப்பேனே. எட்டுக் கொம்பையும் கொல்லணுமா?"

"சொன்னேனே" என்றாள் அக்கா. "அதுக்கு முதல் நாள் உன்கிட்டதானே சொன்னேன், அழுதுண்டே. எல்லாத்தையும் கேட்டுட்டு, இன்னிக்குச் செடிக்குத் தண்ணி விடணுமான்னு கேட்டே நீ."