ஆயிரம் முறை அறுந்த அடையாறு கேபிள்

ஈக்காட்டுத்தாங்கலில் கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் ஆபீஸ். அங்கே என் வேலை விபத்து உண்டாக்குவது. பயப்பட வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். இல்லாத சர்வர்களை இல்லாத கேபிளால் இணைத்து, அதை நானே அறுத்துவிட்டு, மென்பொருள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பேன். சிமுலேஷன் என்று பெயர். வீட்டில் இதை ‘ஏசி ரூம்ல உக்காந்து விளையாடுறது’ என்பார்கள். முழுசாக மறுக்க முடியவில்லை.

போன வருஷம் மருந்துக்கடை பாய் ஒருவர் வந்தார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று கடை. எந்தக் கடைக்குப் போன் போட்டு மருந்து கேட்டாலும், மூன்றில் எங்கே இருக்கிறதோ அங்கே எடுத்து வைப்பார்கள். நடுவில் நெட் போனாலும், மிச்சமிருக்கும் ஒரே இன்சுலினை இரண்டு பேருக்கு எடுத்து வைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் கேட்டார்.

“சுகர் பேஷண்ட் தம்பி, ஆட்டோ புட்ச்சி வருவாங்கோ. இல்லன்னு திருப்பி அனுப்ச்சா நல்லாவா கீது?”

திங்கட்கிழமை மென்பொருளைக் கடைகளில் ஏற்றுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை ஆயிரம் தடவை ஓட்டினேன். ஆயிரமும் பாஸ். உடனே பாய்க்குப் போன் போட்டு, “கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம் பாய்” என்றேன். அன்று ஆபீஸில் நான் நடந்த நடை, கல்யாண மாப்பிள்ளைகூட நடக்காத நடை.

என் எதிர் சீட்டில் டெஸ்டிங் பார்க்கும் பெண், வடபழனியிலிருந்து வருபவர், ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ஆயிரம் தடவையும் அடையாறு கேபிள்தான் அறுந்திருக்கு.”

“அடையாறுல தோண்டிக்கிட்டேதானேம்மா இருக்காங்க.”

“தடவைக்குத் தடவை கரெக்டா பதினேழாவது செகண்ட்லயா?”

நான் தண்ணீர் குடித்தேன்.

“நீங்க ஆயிரம் தடவை ஓட்டல சார். ஒரு தடவை ஓட்டி, மிச்சத்த ஜெராக்ஸ் எடுத்திருக்கீங்க.”

எங்கள் தொழிலில் விபத்து எப்போது, எங்கே என்பது ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே விபத்து, அதே வினாடியில். ஒரு பிழையைத் துரத்தும்போது இது ரொம்ப வசதி. அதற்கு இரண்டு வாரம் முன்பு அப்படித் துரத்த ஒரே எண்ணைப் போட்டவன், அதை எடுக்க மறந்துவிட்டேன். அதுவும் என் ஸ்கூட்டர் நம்பர். சீட்டைக் கலைக்காமலே ஆயிரம் ஆட்டம் ஜெயித்த வீரன் நான்.

எண்ணை எடுத்துவிட்டு, தடவைக்கு ஒரு புது எண்ணோடு மறுபடி ஓட்டினேன். அறுபத்து மூன்றாவது ஓட்டத்தில் மயிலாப்பூர் கேபிள் அறுந்தது. மயிலாப்பூர்தான் மூன்றுக்கும் தலைமைக் கடை. அது பேசவில்லை என்றதும் மற்ற இரண்டும் கூடித் தி.நகரைத் தலைவராக்கிக்கொண்டன. பதவி போனது தெரியாத மயிலாப்பூர் அது பாட்டுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. ஒரே கடைசி இன்சுலினை மயிலாப்பூர் ஒருவருக்கு எடுத்து வைத்தது, தி.நகர் இன்னொருவருக்கு.

பாய்க்குப் போன் செய்வதற்கு முன் இரண்டு டீ குடித்தேன்.

“திங்கட்கிழமை ஏத்த முடியாது பாய்.”

“இன்னா தம்பி, காலைல கண்ண மூடிக்கினு ஏத்தலாம்னே?”

“இப்பதான் தொறந்தேன் பாய்.” நடந்ததைச் சொன்னேன்.

“யாருக்கு மருந்து இல்லாம பூட்ச்சி?”

“நிஜ ஆளு இல்ல பாய். கம்ப்யூட்டர்ல இருக்கிற பேஷண்ட்.”

“அப்ப ஒண்ணும் குடி முழுகல. நிதானமா குடு நைனா.”

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். மற்ற கடைகளில் ஒன்றாவது பதில் சொன்னால்தான் தலைவர் உத்தரவு போடலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆயிரம் ஓட்டம், ஆயிரம் விதமான விபத்து. எதிர் சீட் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் கடைகளில் ஏற்றினோம்.

இரண்டு மாதம் கழித்து மயிலாப்பூரில் நிஜமாகவே கேபிளை வெட்டிவிட்டார்கள். அந்தக் கடையிலிருந்து பாய் கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, உன் மிஷினு வாயே தொறக்க மாட்டேங்குது. அப்புறமா போன் பண்ணுங்கன்னா, கஸ்டமருங்க திட்டிக்கினு கீறாங்கோ.”

“வந்துட்டு வெறுங்கையோட யாராவது திரும்பிப் போனாங்களா பாய்?”

“அதெல்லாம் ஒருத்தரும் இல்ல.”

“அப்ப திட்டட்டும் பாய்.”

“நீ சொல்லுவ. வாங்குறது நானு” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

அவர் சிரித்ததே எனக்குப் போதும். டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன உப்புமாவை ரசித்துச் சாப்பிட்டேன்.