ராகு காலம் முடிந்த நிமிடத்தில்

விதி நான்கு, உட்பிரிவு ஆ: “ஓர் இணைய இணைப்பிலிருந்து நிமிடத்துக்கு ஐந்து கோரிக்கைகளுக்கு மேல் ஏற்கப்படமாட்டா. ஆயினும், குழுவின் அங்கீகாரம் பெற்ற இ-சேவை மையங்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது.”

எழுதியவன் நான்தான். அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘ஆயினும்’ என்ற சொல்லை எந்த இடத்தில் வைத்தால் யார் தப்பிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இப்போது பெரம்பலூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கிறாள். விவசாயிகள் குழு ஒன்றுக்காக, அறுவடை இயந்திரத்தை முன்பதிவு செய்யும் செயலியையும் கவனித்துக்கொள்கிறாள். அதற்கு விதிமுறைகள் எழுதித் தரும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் எழுதுவதில்தான் ஓய்வின் சுகமே இருக்கிறது.

வரம்பு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மார்கழியில் அறுப்பு தொடங்கியதும் செயலி அடிக்கடி படுத்துவிட்டது.

“யாரோ வேணும்னே தாக்குறாங்கப்பா” என்று மகள் திரையைக் காட்டினாள். கோடு தரையில் படுத்துக்கிடந்து, திடீரென்று பனைமரம்போல எழுந்து நின்றது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு ஒன்று.

சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினேன். “ராகு காலம் எப்ப முடியுதுன்னு பாரு.”

பார்த்தாள். சிரித்தாள். “அப்ப தாக்குறது நம்ம ஜனம்தானா!”

நெல் அறுப்பு நல்ல காரியம். அதை ராகு காலத்தில் யாரும் பதியமாட்டார்கள். முடிந்த நிமிடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விரலை வைப்பார்கள். கோரிக்கைகள் எல்லாம் முதலில் வந்து சேரும் வாசலுக்கு ஏபிஐ கேட்வே என்று பெயர். நிமிடத்துக்கு இத்தனைதான் என்று அங்கே எண்ணி உள்ளே விடுவது ரேட் லிமிட். முப்பது வருடம் என் அலுவலக வாசலில் இப்படி ஒன்று இல்லாமல் போயிற்றே என்று ஏங்கினேன்.

வரம்பு போட்ட மறுநாளே போன் வந்தது. என் மனைவியின் தங்கை. உடையார்பாளையத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள்.

“மாமா, ரிட்டயர் ஆகியும் எங்கள விடமாட்டீங்களா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“‘சிறிது நேரம் கழித்து முயலவும்’னு வருது. ‘முயலவும்’னு பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு, இது உங்க கைவரிசைதான்னு.”

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கதிர் முற்றிவிட்டது, மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மழை பெய்தால் பயிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். ஆனால் அவள் கடை வழக்கப்படி வந்தவர்களுக்கு முதலில், அவளுக்குக் கடைசியில். அவள் முறை வருவதற்குள் வரம்பு தீர்ந்துவிடும். கூட்டம் கலைந்தபின் பார்த்தால் மறுநாளைய வண்டிகள் எல்லாம் போயிருக்கும்.

“உனக்குத்தான் விலக்கு இருக்கே. விதி நான்கு, உட்பிரிவு ஆ.”

“அத கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க மாமா.”

“அப்படின்னா விலக்கு கோரி ஒரு விண்ணப்பம் போடு. அதே செயலியிலதான்.”

“கதவு பூட்டியிருக்குன்னு உள்ள வந்து சொல்லணும், அப்படித்தானே?”

பக்கத்தில் இருந்த மகள் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தாள். “சித்தி, நானே உள்ள போயி உங்களுக்குப் பதிஞ்சிடட்டுமா?”

“வேணாம்டி. அக்கா மவ தயவுல அறுத்தான்னு ஊரே பேசும். கடைய இழுத்து மூடிட்டுப் போவ வேண்டியதுதான்.”

ஆனாலும் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். “ராகு காலத்துலயே போட்டேன் மாமா. ஈ காக்கா இல்ல. உங்க விண்ணப்பத்துக்கு அந்த நேரம் போதும்.”

மகள் அன்றே கோளாறைக் கண்டுபிடித்தாள். என் விலக்கு செயலிக்கு உள்ளே இருந்தது, எண்ணிக்கை வாசலில் நடந்தது. “வாசல்ல நிக்கிறவனுக்கு யாரு வர்றாங்கன்னு தெரியாதுப்பா. எந்த வழியா வர்றாங்கன்னு மட்டுந்தான் தெரியும்.” சித்தியின் கடை வழியாகச் சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாம் வந்தன. வாசலுக்கு அது ஒரே ஆள். போதாததற்கு, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உடனே மறுபடி அழுத்தினார்கள். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

“‘சிறிது நேரம்’னா எவ்ளோப்பா?”

பணிக்காலத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பதற்காகத்தானே அந்தச் சொல்லே இருக்கிறது.

இனி கடையை எண்ணாமல், உள்நுழையும் ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியாக எண்ணுவது என்றும், எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது என்றும் அவள் முடிவெடுத்தாள். திருத்தத்துக்குக் குழுவைக் கூட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்றேன்.

“மழை கமிட்டி கூட்டிக்கிட்டாப்பா வருது?”

குழுவின் செயலாளரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிவிட்டாள். விதிமுறையில் அப்படி ஒரு வழி இல்லை. எனினும் நான் ஆட்சேபக் குறிப்பு எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு நெருங்குகிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். உடையார்பாளையத்துக் கடையின் இரைச்சல் பெரம்பலூர் வீட்டுக் கூடத்தை நிறைத்தது.

“ஏம்மா, பன்னண்டு ஆயிடுச்சா?” கடைக்கு வந்த ஒரு பெரியவரின் குரல்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு பெரியப்பா. அந்த மவுச தொடாதீங்க, சொல்லிட்டேன்.”

திரையில் பனைமரம் எழுந்தது. நின்றது. செயலி விழவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பதிந்தது எங்களுக்குக் கேட்டது. அந்தப் பெரியப்பாவுக்குப் பொறுமையில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியதில் அவருக்கு மட்டும் ‘இருபது வினாடி காத்திருக்கவும்’ என்று வந்தது. அவர் உரக்க எண்ணத் தொடங்கினார். ஐந்தில் கடை முழுவதும் சேர்ந்துகொண்டது. பத்தில் என் மகள். பதினைந்தில், சொல்வதற்கென்ன, நானும். இருபது என்றதும் அங்கே கைதட்டல்.

கடைசியாக அவள் தனக்குப் பதிந்தாள்.

“பதிவு விழுந்துடுச்சு மாமா! நாளைக்குக் காலையில வண்டி!”

சனிக்கிழமை அறுப்பு முடிந்தது. நெல் வீடு சேர்ந்த பிறகுதான் மழை வந்தது.

அந்த நெல்லில் குத்திய அரிசியில் பொங்கிய சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் சோழபுரத்துக் கோயில் புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தியாள் எனக்கு மட்டும் இலையில் ஒரு கரண்டி வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“அடுத்த கரண்டி இருபது வினாடி கழிச்சி.”

அப்போது அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். விதி நான்கு, உட்பிரிவு ஆ-வின்படி விலக்கு கோரிய தங்கள் விண்ணப்பம் குழுவால் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.

பதில் கிடைத்த நாள்: காணும் பொங்கல்.