பூஜை சாமான் விளம்பரத்திலிருந்து ஒரு பூ

தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடையிலிருந்து என்னைத் துரத்திச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. தோளில் பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பல்பொடி. சட்டைப் பையில் ஒரு ஃப்ளாப்பி. கடை மாடியில் படுத்துக்கொண்டிருந்த இடமும் வேலையோடு சேர்ந்து போய்விட்டது. ஆனாலும் சிரிப்பு வந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்ததற்காகத் துரத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

கடையில் எனக்குத் துணிகளுக்கான லேபிள்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை. தீபாவளி முடிந்ததும் எல்லா லேபிள் ஃபைல்களிலும் 'தீபாவளி' என்பதை 'பொங்கல்' என்று மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் ஒரு வாரம் ஓடும். நான் ஃப்ளாப்பியைச் செருகி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தேன். ஃப்ளாப்பியில் இருந்த sed என்ற ஒரு சிறிய கட்டளை. 'இது இருக்கும் இடத்தில் அதைப் போடு' என்றால் எத்தனை ஃபைலானாலும் போட்டுவிடும். அடையாற்றில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தபோது கற்றது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அங்கே பாடம் நடத்த யாரும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைத் தொடாதே என்று சொல்லவும் யாரும் இல்லை.

முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"என்னலே, சும்மா இருக்க?"

"முடிஞ்சிட்டுண்ணே."

"ஒரு வாரத்து வேலை எப்படிலே முடியும்? மிஷினை என்ன பண்ணித் தொலைச்ச?"

விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குக் கோபம் ஏறியது. ஒரு வரியில் முடிகிற வேலைக்கு ஓர் ஆள் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லஸ்ஸில் ஒரு கடை

ஆழ்வார்பேட்டை வழியாக நடந்து லஸ் வந்தேன். அங்கே செல்வம் ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருந்தான். அடையாற்று வகுப்பில் படித்தவன். நான் பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்ளும் மரியாதை தெரிந்தவன். ஓர் இரவு படுத்துக்கொள்ள இடம் கேட்கலாம் என்று போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்தான்.

"மச்சி, கரெக்டா வந்த. அந்த ஃப்ளாப்பி கையில கீதா?"

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கத்து சபாவின் செயலாளர், வேட்டியும் வியர்வையுமாக. இன்னொருவர் இருபது வயது மதிக்கத்தக்க பெண். மடியில் வயலின் பெட்டி. அதன் கைப்பிடியை விடவே இல்லை.

விஷயம் இதுதான். மார்கழிக் கச்சேரி நோட்டீஸை அமெரிக்காவில் இருக்கும் செயலாளரின் மகன் தயாரித்து, பிடிஎஃப் ஃபைலாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். மூன்று மணிக்கு அது அச்சகத்துக்குப் போக வேண்டும். அன்று காலையில்தான், மறுநாள் மாலைக் கச்சேரிக்கு வாசிக்க வேண்டிய வயலின்காரருக்குக் கை சுளுக்கிவிட்டது. அவருக்குப் பதில் இந்தப் பெண். பெயர் பூர்ணிமா. அதுவரை பகல் கச்சேரிகளில் மட்டும், காலி நாற்காலிகளுக்கு வாசித்தவள்.

"நோட்டீஸ்ல இருக்கற பேர்தான் மேடையில உக்காரலாம்னு கமிட்டி ரூல்," என்றார் செயலாளர். "பழைய பேரே அச்சாயிடுத்துன்னா தலைவரோட மாப்பிள்ளை வயலினைத் தூக்கிண்டு வந்துடுவார். 'இவ பேரும்தான் இல்லையே, யார் வாசிச்சா என்ன'ம்பார். அவர் வாசிப்பைக் கேட்டிருக்கேளோ?"

"இல்லை சார்."

"புண்ணியம் பண்ணியிருக்கேள்."

மகனைக் கேட்கலாமே என்றேன். அங்கே நடுராத்திரி, பையன் போனை எடுக்கவில்லை. வேறு காகிதத்தில் பெயரை அடித்து வெட்டி ஒட்டலாமே என்றேன். பெயர்களுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு தம்புராப் படம் இருந்தது; ஒட்டினால் அது மறைந்துவிடும்.

"போன வருஷம் இவன் ஒட்டினான். மிருதங்க வித்வானுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது," என்றார் செயலாளர். செல்வம் கூரையைப் பார்த்தான்.

ஃப்ளாப்பியைச் செருகினேன்.

உள்ளே இருக்கும் எழுத்துகள்

பிடிஎஃப் என்பது வெளியே பார்க்க அச்சடித்த காகிதம். உள்ளே திறந்தால் வரிவரியாகக் கட்டளைகள். 'இந்த ஃபான்ட்டை எடு, இந்த அளவில், இந்த இடத்தில், இந்த எழுத்துகளைப் போடு.' நல்லவேளையாக அந்தப் பையன் ஃபைலைச் சுருக்காமல் அனுப்பியிருந்தான். தமிழ் எழுத்துகள் எல்லாம் கிறுக்கலான குறிகளாகத் தெரிந்தன. வயலின்காரரின் வரியைக் கண்டுபிடித்து, sed-இல் அந்தக் குறிகளுக்குப் பதில் பூர்ணிமாவின் குறிகளைக் கொடுத்தேன்.

ஃபைல் திறக்கவில்லை. சேதமாகிவிட்டதாகச் சொன்னது.

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உற்சாகம் தலைக்கேறியது. ஃபைலின் வாலில் ஒரு விலாசப் பட்டியல் இருக்கும். எந்தப் பகுதி எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு. நடுவில் நீளம் மாறினால் பின்னால் இருக்கும் வீடுகளின் கதவு எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். பழைய பெயருக்கு முன்னால் 'வித்வான்', 'ஸ்ரீ', சொந்த ஊர் என்று ஓர் ஊர்வலமே இருந்தது. பூர்ணிமா சின்னப் பெயர். மிச்ச இடத்தை வெற்றிடத்தால் நிரப்பி நீளத்தைச் சமன் செய்தேன். இப்போது திறந்தது. தம்புராவின் மேல் அழகாக வந்து நின்றது:

ர்ணிமா.

நால்வரும் திரையைப் பார்த்தோம்.

"பூ எங்க மச்சி?" என்றான் செல்வம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குப் போகிறவன் தேவையான துணியை மட்டும் பையில் வைப்பதுபோல, பிடிஎஃப் தனக்குத் தேவையான எழுத்துகளை மட்டும்தான் சுமந்து வரும். நோட்டீஸில் பெயர்கள் இருந்த ஃபான்ட்டில் ஓர் இடத்திலும் 'பூ' வரவில்லை. அதனால் ஃபைலுக்குள் 'பூ' இல்லை. செல்வத்தின் கம்ப்யூட்டரிலும் அந்த ஃபான்ட் இல்லை.

"வேற பேர் வெச்சுக்கறியாம்மா?" என்று கேட்டே விட்டார் செயலாளர். "இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும். ராணி, வாணி, எவ்வளவோ இருக்கு."

"மாமா, நான் வாசிச்சா அது யார்னு நாலு பேருக்குத் தெரியணுமே. வாணி வாசிச்சான்னு எழுதினா எங்காத்துல யாரைத் தேடுவா?"

சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். விரல் அடியில் போய் நின்றது. அங்கே மாடவீதிக் கடை ஒன்றின் விளம்பரம், தடித்த எழுத்தில்: 'பூஜை சாமான்கள்'.

"இங்க ஒரு பூ இருக்கே. அதை எடுத்துக்கலாமா?"

அது வேறு ஃபான்ட். பெயர் முழுவதையும் அதில் போட முடியாது. 'ர்ணி' அதில் இல்லை. ஆனால் ஒரே வரியில் ஃபான்ட்டை மாற்றலாமே. விளம்பர ஃபான்ட்டை எடு, பூவைப் போடு, பழைய ஃபான்ட்டுக்குத் திரும்பு, மிச்சத்தைப் போடு. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே அடித்தேன்.

வந்தது. பூ குண்டாக, கறுப்பாக, விரிந்த குடைபோல நின்றது. பின்னால் 'ர்ணிமா' ஒல்லியாக ஒதுங்கி நின்றது.

"ஐயோ," என்றார் செயலாளர். "பாடறவா பேரைவிடப் பக்கவாத்தியம் பெருசா இருக்கப்படாது. பாடறவர் நோட்டீஸை ஸ்கேல் வெச்சு அளப்பார்."

விளம்பர ஃபான்ட்டின் அளவைக் குறைத்தேன். பூ உயரத்தில் அடங்கியது. தடிமன் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. செயலாளர் தன் ஸ்கேலால் அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

"ஒரு 'குமாரி' போட்டுடுங்கோ. மொட்டையா இருக்கு."

வரியை எண்ணிப் பார்த்தேன். ஃபான்ட் மாற்றும் கட்டளைகளே வித்வானின் ஊர்வலம் விட்டுச்சென்ற இடத்தை எல்லாம் தின்றுவிட்டன. 'குமாரி' போட்டால் பூ போய்விடும்.

"குமாரி வேண்டாம் மாமா," என்றாள் பூர்ணிமா. "பேர் முழுசா வந்தாப் போறும்."

செல்வம் பிரின்ட் எடுத்தான். செயலாளர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார். பூர்ணிமா அப்போதுதான் வயலின் பெட்டியைக் கீழே வைத்தாள். நடுவில் அவசரப்பட்டு எடுத்து வீணாகிப்போன பிரின்ட் ஒன்றை, 'ர்ணிமா' என்று இருந்ததை, அவள் எனக்குத் தெரியாமல் மடித்து எடுத்துக்கொண்டதைச் செல்வம் பிறகு சொன்னான்.

இப்போதெல்லாம் இந்த வேலைக்கு ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் இளைஞர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். எதை மாற்றுவது என்று பார்ப்பதற்கு முன்னால், ஃபைல் தன் பையில் என்ன எடுத்து வந்திருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லாததை எந்தக் கட்டளையாலும் போட முடியாது. ஆனால் இல்லை என்று முடிவு கட்டுமுன் அதே பையின் இன்னொரு அறையையும் துழாவிப் பாருங்கள்.

மறுநாள்

செல்வத்தின் கடையில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே தூங்கினேன். காலையில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இது ஒர்த்தன் குந்துற கடை மச்சி." தெரியும் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

சபா வாசலில் பேனர் எழுதுகிறவர் ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் ஈரம் காயாத புது நோட்டீஸ்.

"நைனா, இங்க வா. இத்தப் பாரு. இந்தப் பேர்ல பூ மட்டும் குண்டா கீது. இப்டியேவா எழுதணும்?"

"வேணாம் அண்ணே. எல்லாம் ஒரே அளவா எழுதுங்க."

"உனக்கு இன்னா தெரியும்?"

"அந்தப் பூவை அங்க வெச்சது நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையையும் பார்த்தார்.

"கூட இருந்தவன் நேத்தோட நின்னுட்டான். நான் கோடு போட்டுத் தரேன், உள்ள ரொப்புவியா?"

"ரொப்புவேன்."

"அப்ப ஏறு."

ஏறினேன். 'பூ'வுக்குக் கோடு போட்டுத் தந்தார். மற்ற எழுத்துகளின் அதே உயரம், அதே தடிமன். பிரஷ்ஷை நீல டப்பாவில் முக்கினேன். அந்த டப்பாவுக்குள் எல்லா எழுத்துகளும் இருந்தன.