அக்காவின் திமிர்

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் இருக்கும் என் அக்காவைச் சொந்தக்காரர்கள் திமிர் பிடித்தவள் என்பார்கள். யாராயிருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவாள். போன வருடம் ஒரு காலையில் சமைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள்கள் அவள் குழறியது எதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

ஒருநாள் இளம் தமிழ் டாக்டர் ஒருவர் அவளுடைய வலது கை விரல் நுனியைக் கிள்ளி, “ஆன்டி, இன்னும் திமிரா இருக்கா?” என்று கேட்டார்.

அக்கா அவரை முறைத்தாள். “யாருக்குத் திமிரு? உனக்கா, எனக்கா?”

ஒரு சொல்கூடக் குழறவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். “சாரி லா ஆன்டி. கை மரத்துப் போனா எங்க வீட்டுல திமிருன்னுதான் சொல்வோம். உணர்ச்சி இல்லாம விறைச்சுப் போறதும் திமிருதான். அடுத்தவங்க மனசு நோகுறது உறைக்காம பேசுறவங்களையும் அதே வார்த்தையால சொல்றாங்க.”

“எனக்கு எல்லாம் உறைக்குது. நீ கிள்ளுறதும்தான்.”

எனக்கு உடம்பே லேசானது. வெளியே வந்து, பூச்சோங்கில் இருக்கும் அவள் மகளுக்குப் போன் செய்தேன்.

“உங்கம்மா டாக்டரையே ஏசுறாங்க.”

“அப்ப நல்லாயிட்டாங்க மாமா,” என்றாள்.