தூளியை இறக்கிய மாதங்கள்

என் மகன் பிறந்து ஒன்பது மாதம் வரை தரையில் முதுகு பட்டுத் தூங்கியதே இல்லை. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அந்த அறையின் நடுவே, எந்தக் காலத்திலோ யாரோ ஊஞ்சலுக்காகப் போட்ட இரும்புக் கொக்கி ஒன்று உத்தரத்தில் இருந்தது. வீடு பார்க்க வந்த அன்று நான் ஏழு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருக்க, என் கணவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொக்கி கீது, போதும்" என்றார். தண்ணீர் ஒழுங்காக வருமா, ஜன்னலைத் திறந்தால் காற்று வருமா, எதையும் கேட்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

கொக்கியில் கயிறு, கயிற்றில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் என் பழைய பருத்திப் புடவை. அதுதான் தூளி. அவன் அதற்குள் கிடந்தால் மூக்கு நுனிகூட வெளியே தெரியாது. ஒரு துப்பட்டாவின் முனையைத் தூளியில் கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கீரை ஆய்வேன், துணி மடிப்பேன். கால் நின்றால் அவன் கண் திறந்துவிடும். மதியத் தூக்கம் என்பது அவன் தூங்குவது அல்ல, நான் காலை ஆட்டுவது.

எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு. போல்ட், நட்டு, வாஷர் விற்பவர்களோடு போனில் நாள் முழுக்கப் பேரம் பேசுவேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிள்ளை பெற்றவள் இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் தாழ்த்தப்போவதில்லை. பேறுகால விடுப்பு முடிந்து, சம்பளமில்லாத விடுப்பும் முடியும் தறுவாயில், பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடத்தை வைத்திருக்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போது அவனுக்கு ஒன்பது மாதம்.

பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. சாந்தோமில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தார். சுத்தமான இடம். சுவரில் மாதா படம், ஜன்னலெல்லாம் கொசுவலை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்ககிட்ட தூளி கிடையாதும்மா. சாப்பாடு குடுத்து எல்லாப் பிள்ளைகளையும் பாய்ல படுக்க வெச்சிடுவோம். பாய்ல தூங்கற பிள்ளைன்னா கூட்டிட்டு வாங்க. ஒரு பிள்ளை தூங்காம அழுதா மத்ததெல்லாம் எழுந்துடும்."

ஆக, என் வேலை ஒரு பாயில் வந்து நின்றது.

போனில் தேடினேன். பிள்ளையை அழவிடாமல் மெதுவாகத் தூங்கப் பழக்கும் வழிகள் எத்தனையோ இருந்தன. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல் சிரித்துக்கொண்டு, நாற்காலி முறை என்று ஒன்றைச் சொன்னாள். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டுமாம். சில நாள் கழித்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். பிறகு கதவோரம். பிறகு கதவுக்கு வெளியே. எங்கள் அறையில் பீரோ, கட்டில், பிள்ளையின் பாய் எல்லாம் போக ஒரு நாற்காலியை விரித்தால் அதைத் தள்ளிப்போட இடமில்லை. கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்கும். கதவுக்கு வெளியே என்றால் மாடிப்படி. அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருந்தாலும் விடவில்லை. சாப்பாடு கொடுத்து, முகம் துடைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாயில் படுக்க வைத்து மார்பில் கை வைத்தேன். உருண்டு எழுந்து உட்கார்ந்தான். படுக்க வைத்தேன். எழுந்தான். தப்பித்தவறிக் கண் சொருகும் நேரத்தில் பழைய பேப்பர் வாங்கும் ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் நுழையும். அது போனால் மெட்ரோ வேலைக்காகத் தோண்டுகிற இயந்திரம் ஆரம்பிக்கும். அவன் அழுத அழுகையில் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார மாமி படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா குழந்தை இப்படிக் கத்திண்டே இருக்கு? ஆத்துல யாருமில்லையா?"

"நான்தான் இருக்கேனே மாமி."

"அது சரி" என்று சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூளிதான் தொங்கிண்டிருக்கே. அதுல போடேன்."

போட்டேன். தூங்கிவிட்டான். எனக்கு அழுகை வந்தது. பிள்ளை தோற்கடித்ததற்காக அல்ல, மாமி படியிறங்கிப் போன தோரணைக்காக.

வழி கண்டுபிடித்தது என் கணவர். தி.நகரில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளர் அவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், அதனால் அவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஓய்வு. ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டூல் மேல் ஏறி நின்று கொக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாற்காலிய நகத்தத்தானே எடமில்ல. தூளிய நகத்தலாம். வாராவாரம் ஒரு சாண் எறக்கிக்கினே வருவோம். தெரியாமயே தரைக்கு வந்துடுவான்."

எனக்கும் அது பிரமாதமாகத்தான் பட்டது. அன்றே ஒரு சாண் இறக்கினார். அடுத்த செவ்வாய் இன்னொரு சாண். தூளி தாழத் தாழ வீசி ஆட்ட முடியாது, ஆட்டம் தானாகவே குறையும். துப்பட்டாவை அவிழ்த்து எறிந்தேன். காலுக்கு விடுதலை கிடைத்தது. பிள்ளை முனகினான், சில நாள் சிணுங்கினான், ஆனால் தூங்கினான். ஸ்டூலிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவர் தூளிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, லிப்டு கீழ வந்துக்கினு கீதா?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் நாங்கள் நிம்மதியாகச் சிரித்த நாட்கள் என்றால் அவைதான்.

கடைசியில் தூளியின் அடிப்பகுதி பாயைத் தொட்டது. ஸ்பிரிங் ஓய்ந்தது. புடவை மட்டும் இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி எழுந்து நிற்க, அதற்குள் அவன் பாயின் மேல் படுத்திருந்தான். நான் வெளியே உட்கார்ந்து புடவைக்கு மேலேயே தட்டிக்கொடுத்தேன். பிறகு தட்டாமல் கையை மட்டும் வைத்திருந்தேன். பிறகு கையையும் எடுத்துவிட்டேன். உள்ளே கொஞ்ச நேரம் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வான், விரலைச் சப்புவான், சத்தம் அடங்கிவிடும். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சாதித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டு, வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் புடவையையும் கழற்றினோம். வெறும் பாய். படுக்க வைத்தேன். என் முகத்தைப் பார்த்தான். வாயெல்லாம் சிரிப்பாக எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். மறுபடி படுக்க வைத்தேன். மறுபடியும் அதே சிரிப்பு. தூக்கத்தில் கண் சொக்குகிறது, தலை ஆடுகிறது, ஆனால் என்னைப் பார்த்தவுடன் விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. தூக்கினால் திமிறினான், இறக்கினால் கத்தினான். என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், வாயில் விரலோடு சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பது பிள்ளைக்குப் பொருட்டாகவே இல்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அறையில் நான் இருந்தால் ரகளை. நான் போய்விட்டால் தூக்கம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூளிக்குள் கிடக்கும் பிள்ளைக்கு யார் முகமும் தெரியாது. புடவை இரண்டு பக்கமும் சுவராக நிற்கும். மேலே கொஞ்சம் உத்தரம் தெரியும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அவன் தூங்கியதெல்லாம் என்னைப் பார்க்காமல்தான். ஆட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று சாண் சாணாக இறக்கினோமே தவிர, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கப் பழக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அந்தக் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து வாரக்கணக்காக நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். அம்மா தெரிந்தால் விளையாட்டு, தெரியாவிட்டால் தூக்கம். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டால் நான் இருப்பது தெரியாது, அதனால் தொல்லையில்லை. பகலில்தான் நான் ஆகாதவள்.

கணவரிடம் சொன்னேன். "வேலைக்குப் போறவளுக்கு இத விட இன்னா வோணும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

காப்பகத்தில் விட்ட முதல் நாள் மதியமே டீச்சர் போன் செய்தார். "சமத்தும்மா உங்க பிள்ளை. படுக்க வெச்சதும் தூங்கிட்டான். இந்த மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்ல." நன்றி சொல்லிவிட்டு ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திக்கு அப்படி அழுதது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆபீஸில் என் மேசையில் வேறொரு பெண் இருந்தாள். நான் இல்லாத மாதங்களுக்கென்று எடுத்தவள். நல்ல பெண், கெட்டிக்காரி. என் வியாபாரிகள் எல்லோரும் இப்போது அவளைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, அடையாறு வழியாக நெரிசலில் பஸ் பிடித்துப் போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாராவது ஏதாவது வேலை கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல மேடம். கம்பெனி நிலைமை அப்படி."

"அந்தப் பொண்ணோட நிலைமை எப்படி சார்?" என்று கேட்டேன்.

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

அன்று நேராகக் காப்பகத்துக்குத்தான் போனேன். எனக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொசுவலை வழியாகப் பார்த்தேன். வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான். டீச்சர் வாசலுக்கே வந்து, "இப்பதான்மா தூங்கினான். உங்களப் பாத்தா எழுந்துடுவான், வெளியிலயே உக்காருங்களேன்" என்று கிசுகிசுத்தார். செருப்பு கழற்றும் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

சம்பளம் நின்றபின் காப்பகமும் நின்றது. வேறு வேலைக்கு அலைந்தேன். கிண்டியிலேயே இரண்டு மூன்று இடம், பிறகு திருவான்மியூர்ப் பக்கம். எல்லா இடத்திலும் முதலில் அனுபவத்தைப் பற்றிக் கேட்டார்கள், அடுத்து குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார்கள், அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. இப்போது நான் விண்ணப்பிப்பதும் இல்லை.

நாள் முழுக்க அவனும் நானும் வீட்டில்தான். ஆரம்பத்தில் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. இனி அவசரமே இல்லையே, பக்கத்தில் படுத்துக் கதை சொல்லித் தூங்கவைக்கலாம் என்று. முயற்சியும் செய்தேன். தட்டிக்கொடுக்கும் கையைப் பிடித்து இழுத்து எழுந்து நிற்கிறான். கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மேல் ஏறுகிறான், கடிக்கிறான், கடைசியில் தூக்கம் தாளாமல் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுகிறான். பார்க்கச் சகிக்காது. நான் எழுந்து போனால் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறான். ஆகவே இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு ஆனதும் அவனைப் பாயில் விட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே ஆள் உட்கார இடமில்லை, நிற்கலாம்.

நேற்று மதியம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது கடையிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"இன்னா, தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான்."

"அப்ப நீயும் கொஞ்ச நேரம் படுத்துக்க. குரலே சரியில்ல ஒனக்கு."

"எங்க படுக்கறது? ரூம்ல அவன் இருக்கானே" என்றேன்.

யாரோ வாடிக்கையாளர் அவரிடம் விலை கேட்பது காதில் விழுந்தது. நான் போனை மேடையில் வைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.